வட்டு போனபின்னும் ஓடும் ரயில்

பாளையங்கோட்டை வீட்டில் அண்ணன் பொத்திப் பொத்தி வைத்திருந்த ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ்’ என்ற, ரயில் முதலியவற்றை ஓட்டிப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கணினி விளையாட்டின் குறுவட்டில் கீறல் விழுந்தபோது, அந்த விளையாட்டு இனி நமக்கில்லை என்றே வருந்தினேன்.

1995-இல் வந்த அதன் மூல நிரல், அதாவது அதை உருவாக்கியவர் எழுதிய நிரல், வெளியிடப்படவில்லை. ஆகவே லுட்விக் ஸ்ட்ரிகேயுஸ் என்ற நிரலாளர், கணினியில் ஓடும் அதன் இயங்கு கோப்பைப் பிரித்துப் படித்து, சி நிரல்மொழியில் திரும்ப எழுதி, 2004-இல் ‘ஓப்பன்டிடிடி’யாக வெளியிட்டார். ஆனாலும் படங்கள் பழைய வட்டிலிருந்தே வர வேண்டியிருந்தது; தன்னார்வலர்கள் ரயில் பெட்டி, மரம், கூரை என ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்த பிறகுதான், 2010-இல் வந்த 1.0 பதிப்பு அந்த வட்டே இல்லாமல் ஓடியது. எனக்கு நிரலைவிட இந்தப் பொறுமையான வேலைதான் பெரிதாகத் தெரிகிறது.

நேற்றிரவு அதில் திருநெல்வேலி, செங்கோட்டை என்று நிலையங்களுக்குப் பெயரிட்டுத் தண்டவாளம் போட்டேன். அம்பாசமுத்திரத்தில் இரண்டாவது பாதை அமைத்துச் சிக்னல் வைத்ததும், எதிரெதிரே வந்த வண்டிகள் வழிவிட்டு நகர்ந்தன.