செந்தூல் நிலமும் பக்கத்து வீட்டு அக்காவின் கேள்வியும்

செந்தூலில் அப்பா விட்டுப்போன வீட்டு நிலத்தில் நான்கு மாடி, 12 வீடுகள் கட்ட நானும் தம்பியும் மனுப் போட்டிருக்கிறோம். இப்போது அது தனிவீடுகளுக்கான நிலம்; அந்த வகைப்பாடு மாறினால்தான் அடுக்குமாடி. எந்த நிலத்தில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்டம் 2025 ஜூன் 11 முதல் நடைமுறையில் இருப்பதால் கணக்கையெல்லாம் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

‘பிளாட் ரேஷியோ’ (plot ratio), அதாவது நிலத்தின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, என்றதும் பலர் மிரள்கிறார்கள். 10,000 சதுர அடி நிலத்துக்கு அது 2 என்றால், எல்லா மாடியும் சேர்த்து 20,000 சதுர அடி. அவ்வளவுதான்.

நேற்று பக்கத்து வீட்டு அக்கா வரைபடத்தை வாங்கி, நேராக லோங்காங் (மழைநீர் வடிகால்) கோட்டின் மேல் விரலை வைத்தார். “தம்பி, மழை பேஞ்சா இப்பவே தண்ணி என் வாசப்படி வரைக்கும் வருது. 12 வீட்டுத் தண்ணி எங்கப்பா போகும்?”

கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் மழைநீர்த் தேக்கத் தொட்டி வருகிறது என்று காட்டினேன். “எவ்வளவு ஆழம்?” என்றார். சரியான கேள்வி. இன்ஜினியரிடம் கேட்டு எழுத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வாசலில் மேசை போட்டு வரைபடத்தை விரித்து வைக்கிறேன். தெருவில் உள்ளவர்கள் எல்லாரும் வாருங்கள். ஆட்சேபம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், வரைபடத்தை இன்னும் மாற்றலாம்.