ஓனர் கட்டாத கடனுக்கு நாம் குடியிருக்கும் வீடு ஜப்திக்கு வந்தால்

கேட்டில் வங்கிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸில் எங்கள் பெயர் எங்குமே இல்லை. ஓனர் பெயர், அவர் மனைவி பெயர், கடன் பாக்கி, கதவு எண், நான்கு பக்க எல்லை, ‘சர்ஃபேசி சட்டம் 2002’. கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம் அது. கடைசியில், இந்தச் சொத்து தொடர்பாகப் பொதுமக்கள் யாரும் எந்தப் பரிவர்த்தனையும் செய்ய வேண்டாம் என்று ஓர் எச்சரிக்கை. பெரம்பூரில் அந்த வீட்டின் மாடியில் ஓனர், நடுவில் நாங்கள், கீழே இன்னொரு குடும்பம். மூன்று அடுப்பு எரியும் வீடு. வங்கியின் காகிதத்தில் ஓனர் குடும்பம் மட்டும்தான் இருந்தது.

அன்றிரவு தேடிப் பார்த்ததில், கடன் வாங்கியவர் என்ன செய்யலாம் என்று சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். வாடகை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டு இருப்பவர் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால்தான் நாங்கள் பட்டதை எழுதுகிறேன். எங்களுக்கு நேர்ந்தது தமிழ்நாட்டில், ஓனர் வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கிய கடன் தொடர்பானது. தனியாரிடம் வாங்கிய கடனுக்குக் கோர்ட் வழியாக வரும் ஜப்தி வேறு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலில் ஓனரிடம் போனோம். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்கம்மா, பேங்க்ல பேசிட்டேன். சும்மா மிரட்டுறாங்க, ரெண்டு மாசத்துல செட்டில் பண்ணிடுவேன்" என்றார். நல்ல மனிதர்தான். தொழில் படுத்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன ‘சும்மா மிரட்டல்’ எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது புரியும்.

கடன் வாராக்கடன் ஆனதும் வங்கி முதலில் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் கெடு வைத்து ஓனருக்கு நோட்டீஸ் அனுப்புகிறது. குடியிருக்கும் நமக்கு அது தெரியவே தெரியாது. அந்த 60 நாளும் போன பிறகு 13(4) பிரிவில் சொத்தைச் சுவாதீனம் எடுக்கிறது. கேட்டில் ஒட்டுவதும், 7 நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில், அதில் ஒன்று உள்ளூர் மொழிப் பத்திரிகை, விளம்பரம் கொடுப்பதும் இந்தக் கட்டம். பெரும்பாலும் இது காகித அளவில்தான். சாவி கை மாறுவதில்லை. ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போட வேண்டுமானால் வங்கி 14-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். சென்னையில் எழும்பூர் தலைமைப் பெருநகர மாஜிஸ்திரேட்டிடம், மற்ற மாவட்டங்களில் கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ. அங்கிருந்து உத்தரவு வந்தபின் வழக்கறிஞர் ஆணையர், அதாவது அந்த உத்தரவை நிறைவேற்ற நியமிக்கப்படும் வக்கீல், போலீஸ் துணையோடு வருவார். நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே சாமானைத் தெருவில் போடுவார்கள் என்று பக்கத்துத் தெருவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு நாங்கள் நடுங்கியிருந்தோம். அப்படி நடக்காது.

அதற்காக உட்கார்ந்திருக்கவும் முடியாது. சுவாதீன நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, எல்லோரும் சொல்வது டி.ஆர்.டி., போக 45 நாள்தான் கெடு. சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் வந்தார். வங்கியின் இந்த நடவடிக்கையில் சிவில் கோர்ட் தலையிட முடியாது என்று அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி வருபவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

டி.ஆர்.டி.யில் பழக்கமுள்ள வக்கீல் ஒருவரை என் கணவரின் அலுவலக நண்பர் அறிமுகப்படுத்தினார். நாங்கள் மூச்சு விடாமல் கதை சொன்னோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "மேடம், அக்ரிமென்ட் தேதி என்ன? மார்ட்கேஜ் தேதி என்ன?"

இரண்டாவது கேள்விக்கான பதில் பதிவுத்துறை இணையதளத்தில் இருந்தது. கதவு எண், சர்வே எண் கொடுத்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று ஒரு வரி, வருடம் 2019. நாங்கள் குடிவந்தது 2021. அதாவது பத்திரம் வங்கிக்குப் போன பிறகுதான் நாங்கள் அந்த வீட்டுக்குள் காலடி வைத்திருக்கிறோம்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். அடமானத்துக்கு முன்பே, முறைப்படி எழுதிப் பதிந்த வாடகை ஒப்பந்தம் இருந்தால் அது வங்கியையும் கட்டுப்படுத்தும். காலம் முடியும்வரை நிற்கலாம். அடமானத்துக்குப் பிந்தைய வாடகை என்றால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவைப் பார்க்க வேண்டும். அடமானம் வைத்தவரும் 3 வருடத்துக்கு மேற்படாமல் வீட்டை வாடகைக்கு விடலாம், ஆனால் அடமானப் பத்திரம் அதைத் தடுக்காமல் இருக்க வேண்டும். வங்கிகள் எழுதும் பத்திரத்தில் ‘எங்கள் சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது’ என்ற ஷரத்து அநேகமாக இருக்கும். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு ஓனர் புதிதாக வாடகைக்கு விட்டிருந்தால் அதற்கு மதிப்பே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் என்று சொல்லிவிட்டுப் பதிவு செய்யாத காகிதம் வைத்திருந்தால், அதை வைத்து ஒரு வருடத்துக்கு மேல் உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லும் 2019-லும் சொல்லியிருக்கிறது.

வாடகைதாரருக்கு டி.ஆர்.டி.யின் கதவு சரியாகத் திறந்ததே 2016 திருத்தத்தில்தான். சர்ஃபேசி சட்டத்தின் 17-ஆம் பிரிவில் (4ஏ) என்று ஒன்றைச் சேர்த்தார்கள். வாடகை உரிமை உண்மையா, காலம் முடிந்ததா, 65ஏ-க்கோ அடமான ஷரத்துக்கோ விரோதமா, நோட்டீஸுக்குப் பிறகு உண்டாக்கியதா என்று தீர்ப்பாயமே விசாரிக்கலாம். "உங்க கேஸ் போட்டா டைம் கிடைக்கும். வீடு கிடைக்காது. டைம்தான் வேணும்னா அதை பேங்க்கிட்டயே கேட்டுப் பாக்கலாமே" என்றார் அவர். ஃபீஸ் வாங்கிக்கொண்டு வழக்குப் போட்டிருக்கலாம். அப்படிச் சொல்லாததற்கு அவரை நான் என்றும் மறக்க மாட்டேன்.

எங்களுக்கு வேண்டியதும் நேரம்தான். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

கிளைக்குப் போனால் மேனேஜர், "இது எங்க கையில இல்லம்மா" என்று வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினார். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருக்கும் ‘அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி’ அங்கேதான் இருப்பார். அவர் பெயருக்கு எழுதினால்தான் அந்தக் கடிதத்துக்கு உயிர். எங்கள் கடிதத்தில் சட்டம் எதையும் எழுதவில்லை. எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறோம், வாடகை 14,000, அட்வான்ஸ் 1,20,000, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு மாதாமாதம் போயிருக்கிறது, மகளின் பரீட்சை எப்போது, எந்த மாதக் கடைசியில் சாவியை ஒப்படைப்போம், அவ்வளவுதான். ஒப்பந்த நகல், வங்கி ஸ்டேட்மென்ட், சமையல் கேஸ் புத்தகத்தின் முதல் பக்கம், பள்ளி அடையாள அட்டை எல்லாம் இணைத்தோம். ஒன்றைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். இன்னொன்றை நேரில் கொடுத்து, நம் நகலில் தேதியோடு சீல் வாங்கினோம். அந்த சீல் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

அதிகாரி கடுமையாகப் பேசினாலும் நியாயமாக நடந்துகொண்டார். குடியிருப்பவர் தானாகக் காலி செய்வது வங்கிக்கும் லாபம். ஆள் இருக்கும் வீட்டை ஏலத்தில் எடுக்க யோசிப்பார்கள். குறிப்பிட்ட தேதியில் காலி செய்வதாக உறுதிமொழிக் கடிதம் கேட்டார். கொடுத்தோம். அதுவரை தொந்தரவு செய்ய மாட்டோம் என்பதை அவரும் எழுத்தில் தர வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கினோம்.

அடுத்தது அட்வான்ஸ். வாடகை வீட்டில் இருப்பவர் உண்மையில் இழப்பது இதைத்தான். வீடு ஏலம் போனால் வங்கியோ ஏலத்தில் எடுத்தவரோ நம் அட்வான்ஸுக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். கடனில் மூழ்கிய ஓனரிடம் இருந்து அது திரும்பி வரும் என்று நம்ப முடியாது. மாதாமாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறோம் என்று ஓனரிடம் சொன்னோம். முதலில் முகம் வாடியது. "வீட்டுச் செலவுக்கே அந்த வாடகைதான்மா" என்றார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. என் கணவர் ஒரு வெள்ளைத்தாளில், எந்த மாதம் எவ்வளவு கழிகிறது, மீதி எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதி நீட்டினார். ஓனர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மேஜை டிராயரிலிருந்து ரெவின்யூ ஸ்டாம்ப் எடுத்து ஒட்டி, அதன் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகலையும் வங்கிக்கு அனுப்பிவைத்தோம், வாடகை பாக்கி என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாதே.

கீழ் வீட்டு அக்காவின் நிலைமைதான் மனதை அறுத்தது. அவர்கள் வாடகைக்கு இல்லை, லீஸுக்கு இருந்தார்கள். 9 லட்சம் மொத்தமாகக் கொடுத்து, 3 வருடம் வாடகையில்லாமல் இருப்பது. 100 ரூபாய் பத்திரம், நோட்டரி முத்திரை, பதிவு கிடையாது. நகையை விற்றுக் கொடுத்த பணம். வட சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் இருக்கின்றன. மாத வாடகை மிச்சம் என்று நினைத்து, ஆயுள் சேமிப்பை வில்லங்கம் பார்க்காத வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அடமானம் 2019, அவர்கள் லீஸ் 2022. சட்டத்தின் எந்த வாசல் வழியாகப் போனாலும் கால் இடறுகிறது.

அக்கா தளரவில்லை. 45 நாளுக்குள் டி.ஆர்.டி.யில் மனுப் போட்டார். காலி செய்ய அவகாசம் கிடைத்தது. பணத்தைப் பற்றித் தீர்ப்பாயம் எதுவும் சொல்லவில்லை. அடமானத்தை மறைத்து லீஸ் பணம் வாங்கியது மோசடி என்று வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் புகார் கொடுத்தார். அவர் வக்கீல் செய்த இன்னொரு காரியத்தைத்தான் லீஸில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏலத் தொகையில் செலவும் கடனும் போக மிச்சம் இருந்தால் வங்கி அதை ஓனருக்குத் திருப்பித் தர வேண்டும். அந்த மிச்சம் ஓனர் கைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, 9 லட்சத்துக்கு ஓனர் மேல் சிவில் வழக்குப் போட்டு, மிச்சத் தொகையை முடக்கிவைக்கச் சொல்லி மனுக் கொடுத்தார். பணம் கேட்கும் வழக்கு என்பதால் இதற்கு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். வங்கிக்கும் அதன் நகல் போனது.

நாமே ஏலத்தில் எடுத்துவிட்டால் என்ன என்று அக்காவின் தம்பி கேட்டார். குடியிருப்பவரும் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். 30 நாள் அவகாசத்தோடு ஏல அறிவிப்பு வரும். அது வெளியாகும்வரை ஓனர் முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். ஏலம் கிடைத்தால் அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம், மீதி, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளுக்குள். லீஸ் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு வங்கி ஒத்துக்கொள்ளவில்லை. கையில் அவ்வளவு பணம் புரட்ட முடியாததால் அது அங்கேயே நின்றுபோனது.

பரீட்சைக்கு நடுவில் ஒரு நாள் வழக்கறிஞர் ஆணையர் வந்தார். கூட வங்கி ஆட்கள், ஒரு போலீஸ்காரர். இளம் வயது வக்கீல். குரல் உயர்த்தாமல், "நடு போர்ஷன் யாரு?" என்று கேட்டார். ஃபைலை நீட்டினேன். வங்கிக் கடிதத்தையும் சீல் போட்ட நகலையும் படித்துவிட்டு, தன் குறிப்பில் எங்கள் தேதியை எழுதிக்கொண்டார். உள் அறையில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாடிக்குப் போய் ஓனருக்கு நாள் குறித்துவிட்டு இறங்கினார்.

சொன்ன தேதியில் காலி செய்தோம். காலி அறைகளையும் மின் மீட்டரையும் வீடியோ எடுத்து, மின் கட்டணத்தைக் கட்டி முடித்து, சாவியை வங்கி அதிகாரியிடம் கொடுத்து ‘காலியாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி வாங்கினோம். ஓனருக்கும் அன்றே தகவல் சொன்னோம். அட்வான்ஸில் கழியாமல் நின்றது சிறு தொகை. அதை அவரிடம் கேட்கவில்லை. அக்காவின் வழக்கு இன்னும் நடக்கிறது. ஏலத்தில் கடன் போக நின்ற மிச்சத் தொகை இப்போதைக்கு வங்கியிடமே இருக்கிறது.

அயனாவரத்தில் பார்த்த வீட்டுக்கு, பேச்சு முடிந்ததும் டோக்கன் அட்வான்ஸ் கேட்டார்கள். "வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டுத் தர்றோம்மா" என்றேன். ஓனரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "வாடகைக்கு வர்றவங்க யாரும் இப்படிக் கேட்டதில்லையே" என்றார். நடந்ததைச் சொன்னேன். மறுநாள் அவரே வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்துவந்து காட்டினார். கடன் இருக்கிறது, தவணை தவறாமல் போகிறது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது; அதற்கு மேல் நாங்கள் தரவில்லை. ஒப்பந்தத்தை அரசு இணையதளத்தில் பதிந்து எண் வாங்கினோம். வங்கியிலிருந்து எந்த நோட்டீஸ் வந்தாலும் ஒரு வாரத்துக்குள் எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதன்பின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொன்னோம். ஓனரம்மா அதைப் படித்துவிட்டு, மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.