ஸ்பிட்ஃபயருக்கு ஒரு புதிய மரப்பலகை

கார்த்திகை அடைமழை விட்ட மறுநாள் கொட்டகையில் நின்ற காரின் உறையை விலக்கியபோது, டேஷ்போர்டின் கீழ் விளிம்பில், மேலே ஒட்டிய மெல்லிய மர ஏடான வால்நட் வினியர் அப்பளம் போல உப்பி எழுந்திருப்பதைக் கண்டேன். நகத்தால் தொட்டதும் ஒரு சில்லு கையோடு வந்துவிட்டது. அடியில் இருந்த பிளைவுட், ஊறிய அட்டையைப் போல அடுக்கடுக்காகப் பிரிந்துகொண்டிருந்தது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில், கும்பகோணத்தில் குடியிருந்துகொண்டு ஈரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. பலகையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கார் 1969ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தயாரானது. 1,296 சிசி எஞ்சின். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. நம்மவர்களுக்குச் சட்டென்று விளங்க வேண்டுமானால், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் தங்கை என்று சொல்லலாம், ஏனெனில் ஹெரால்டின் அடிச்சட்டத்தை (சேசிஸ்) குறுக்கித்தான் இதன் அடிச்சட்டத்தைச் செய்தார்கள். மார்க் 3 வரை இதன் மீட்டர்கள் எல்லாம் ஓட்டுநருக்கு நேராக இல்லாமல் நடுவில் இருக்கும். வலப்பக்க ஸ்டியரிங், இடப்பக்க ஸ்டியரிங் இரண்டுக்கும் ஒரே அமைப்பு போதும் என்பது அதன் கணக்கு. ஸ்பீடோமீட்டர், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர், பெட்ரோல் மீட்டர், வெப்ப மீட்டர் ஆகிய நான்கையும் தாங்குவது இந்த நடுப்பலகைதான்.

ஆசாரியிடம் பழைய பலகையைக் கொண்டுபோய்க் காட்டியதும் அவர் முகம் சுளித்தார். "வெளிநாட்டுக் கார் என்கிறீர்கள், உள்ளே பிளைவுட்டா வைத்திருக்கிறான்? பலாவில் ஒரே பலகையாக இழைத்துத் தருகிறேன் தம்பி, தஞ்சாவூர் வீணை நூறு வருஷம் இருக்கவில்லையா?" என்றார். ஆசை எனக்கும் இருந்தது. பலா முதலில் மஞ்சளாக இருந்து ஆண்டுகள் போகப்போக ஆழ்ந்த பழுப்புக்கு மாறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால் வீணை கூடத்து நிழலில் உறைக்குள் இருக்கிறது; இந்தப் பலகையோ கூரை திறந்த காரில் சித்திரை வெயிலை நேராக வாங்கி, ஐப்பசியில் ஈரத்தைக் குடிக்கப்போகிறது. ஒரே மரத்தில் எடுத்த பலகை நார்க்குறுக்கே விரிந்து சுருங்கும். நான்கு பெரிய ஓட்டைகள் போட்டபின் அது வளையும், அல்லது இரண்டு ஓட்டைகளுக்கு இடையே உள்ள குறுகிய இடத்தில் வெடிக்கும். பிளைவுட்டில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஒட்டிய அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கவன்ட்ரிக்காரன் கஞ்சத்தனத்தால் மட்டும் பிளைவுட் போடவில்லை என்று ஆசாரியை ஒப்புக்கொள்ளவைக்க இரண்டு டம்ளர் காபி ஆயிற்று.

கொதிநீருக்கும் பிரியாத, ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரையிட்ட மரைன் பிளைவுட் வாங்கினோம். பழைய பலகையை அச்சாக வைத்து வரைவதுதான் வழக்கம், ஆனால் அது ஊதிப்போயிருந்ததால் ஓட்டைகளே வட்டமாக இல்லை. ஆகையால் மீட்டர்களின் உடலையே அளந்து வட்டங்களைப் போட்டோம். முதலில் பிளைவுட்டில் ஓட்டைகளை வெட்டிவிட்டு, அதன்மேல் அரை மில்லிமீட்டர் வால்நட் வினியரை ஒட்டி, பசை காய்ந்தபின் ஓட்டைகளின் மேல் கிடந்த வினியரைக் கத்தியால் முன்பக்கத்திலிருந்து அறுத்தெடுத்தார் ஆசாரி. வினியர் ஒட்டியபின் துளையிட்டால் விளிம்பு பிசிறிவிடும் என்பது அவர் அனுபவம். பின்பக்கத்திலும் ஒரு வினியர் ஒட்டச் சொன்னேன். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் அந்தப் பக்கம் இழுத்துப் பலகை கிண்ணமாகிவிடும். அழுத்துவதற்குக் கிளாம்பு போதாமல் அவர் வீட்டு அம்மிக்கல்லும் இரண்டு நாள் மேலே உட்கார்ந்திருந்தது.

கனத்தில்தான் நான் ஏமாந்தேன். 12 மி.மீ. பலகை பழையதைவிடச் சற்றே தடிமன். மீட்டர்களுக்கு அதனால் பாதகமில்லை, ஆனால் சோக் குமிழின் மரையுள்ள கழுத்து மிகவும் குட்டை. பின்னால் நட்டு பிடிக்க ஒரு மரைகூட வெளியே வரவில்லை. பலகையின் பின்புறத்தில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பள்ளம் குடைந்து அதைச் சரிசெய்தோம். இதை வினியர் ஒட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

பாலிஷ் விஷயத்தில் ஆசாரி பழக்கப்படி அரக்குப் பாலிஷைத்தான் எடுத்தார். அரக்கு அழகுதான், ஈரம் பட்டால் வெளுத்துவிடும். பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் நான்கு கை, ஒவ்வொரு கைக்கும் நடுவில் 400 எண் உப்புத்தாள் தேய்ப்பு என்று முடிவானது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விளிம்புகளுக்கும் கீழ் விளிம்புக்கும் முகப்பைவிட அதிகமாகவே பூசச் சொன்னேன், ஏனெனில் பழைய பலகைக்குள் தண்ணீர் நுழைந்த வழி அதுதான்.

மீட்டர்களைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் எர்த் கம்பியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டினேன். பழைய பிரிட்டிஷ் கார்களில் கம்பியின் நிறமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர் பெறுவது, பச்சை அதே மின்சாரம் ஃபியூஸ் வழியாக வருவது, சிவப்பு பார்க்கிங் விளக்குக்கு, கறுப்பு எர்த். மீட்டரைப் பலகையோடு இறுக்கும் சிறிய பித்தளைத் திருகு நட்டுகளில் ஒன்று ஏற்கெனவே தொலைந்திருந்தது. அதன் மரை பி.ஏ. என்னும் பழைய பிரிட்டிஷ் அளவு; நம் கடை நட்டு எதுவும் ஏறாது. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குக்குக் கடைசல் பிடிக்கும் ஒரு பட்டறையில், மாதிரிக்கு இன்னொரு நட்டைக் கொடுத்தேன். விரலுக்குப் பிடிமானமாக விளிம்பில் வரி போட்டு, அசலைவிட அழகாக ஒன்றைச் செய்து தந்தார்கள்.

எல்லாவற்றையும் பூட்டிச் சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எரிந்தன, எஞ்சினும் கிளம்பியது. ஆனால் ஐந்து லிட்டர் பெட்ரோல்கூட இல்லாத டேங்குக்குப் பெட்ரோல் முள் உள்ளதைவிட வெகு அதிகமாகக் காட்டியது. வெப்ப முள்ளோ இரண்டு நிமிடத்தில் சிவப்பை நோக்கி நடந்தது. ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. பார்க்க வந்த மெக்கானிக், டேங்குக்குள் மிதவை போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாகப் பொய் சொல்கின்றன என்றால் குற்றம் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அந்தப் பொது இடம், மீட்டர்களுக்குப் பின்னால் இருக்கும் தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டி: வோல்டேஜ் ஸ்டெபிலைசர். அதனுள் இரட்டை உலோகத் தகடு ஒன்றைச் சுற்றிய கம்பிச்சுருள் சூடாகித் தகட்டை வளைத்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேர்க்கும். இப்படி விட்டுவிட்டுத் தருவதால் இரு மீட்டர்களுக்கும் சராசரியாக 10 வோல்ட் போய்ச் சேரும். அந்தச் சுருளுக்கு எர்த் கிடைப்பது பெட்டியின் உடல் வழியாக. எர்த் இல்லையென்றால் சுருள் சூடாகாது, தகடு வளையாது, பேட்டரியின் 12 வோல்ட்டும் அப்படியே பாயும். தகர டேஷ்போர்டாக இருந்தால் எங்காவது ஒரு திருகு வழியாக எர்த் கிடைத்துவிடும். மரத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். எண் எழுதிய டேப் உதிர்ந்துபோன கறுப்புக் கம்பி ஒன்று ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, நாச்சியார்கோயில் நட்டுக்கு அடியில் வைத்து இறுக்கினேன். சாவியைத் திருப்பியபோது பெட்ரோல் முள் அவசரமின்றி எழுந்து, காலிக்குச் சற்று மேலே வந்து நின்றுகொண்டது. காரை எடுத்துக்கொண்டு நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போனேன்.