லேப்டாப் கொதிக்குதா? கூலிங் பேட் வாங்கும் முன்

உள்ளே அடைப்பு இருக்கும்போது வெளியிலிருந்து காற்றடித்து என்ன பயன்? லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் தட்டான கூலிங் பேட் பெரும்பாலும் வீண்செலவு.

பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுவது. ஃபேன் மேல் தெரியும் தூசி பெரிய விஷயமில்லை. ஃபேனுக்கும் ஹீட் சிங்கின் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) மெல்லிய தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். காற்றை மறிப்பது அதுதான். ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணிலேயே படும். பிரஷ்ஷால் தள்ளினால் பாயாகச் சுருண்டு வரும். புளோயர் அடிப்பதானால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

மூன்று நாலு வருஷம் ஓடிய மெஷினா? பிராசஸர் சிப்பிலிருந்து ஹீட் சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஹீட் சிங்கைக் கழற்றி, பழைய பேஸ்ட்டை 99% ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப் முழுக்க மெல்லிசாகப் பூசுங்கள். ஸ்க்ரூவை முடுக்கும்போது ஹீட் சிங்கில் பொறித்திருக்கும் 1, 2, 3, 4 வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே மூலையை இறுக்கினால் சிப் விரிசல் விடலாம். மெமரி சிப் மேலிருக்கும் தெர்மல் பேடை (சூடு கடத்தும் மெத்தென்ற பட்டை) எடுத்துவிட்டுப் பேஸ்ட் தடவ வேண்டாம். அந்த இடைவெளியைப் பேஸ்ட்டால் நிரப்ப முடியாது.

ஸ்க்ரூ டிரைவர் கையில் இல்லையா? விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசஸர் உச்ச அளவை 99% ஆக்குங்கள். பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் டர்போ (பிராசஸர் தானாக வேகம் கூட்டிக்கொள்வது) நின்று சூடு சட்டென்று இறங்கும். வேகமும் கொஞ்சம் குறையும்தான்.