மாமி பிடித்த கொலையாளி

காங்கேசன்துறையில் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடப்போன சுங்க அதிகாரி, என்ன நினைத்தாரோ, கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார். மேலே சாம்பார்ப் பொடியும் நான்கு புடவைகளும். கீழே, கத்தியும் துப்பாக்கியும் அலறும் பெண்ணுமாக அட்டை போட்ட நாற்பத்தொரு நாவல்கள். "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "கல்யாணம் செய்துகொண்டு வந்திருக்கிறேன்" என்றேன். பெட்டியை மூடிவிட்டார்.

2024 ஆகஸ்டில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் மறுபடியும் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் நான் வந்தேன். யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர்கள் எழுதிய புலம்பெயர் அனுபவங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கும். யாழ்ப்பாணத்தையே வெளிநாடாகக் கொண்டு வந்து இறங்கிய திருச்சிக்காரி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். விசாவுக்கு அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். எந்த நாட்டிலும் அது ஒரே கதை.

"தமிழ்தானே பேசுகிறார்கள், உனக்கென்ன கஷ்டம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். முதல் வாரத்தில் கதிரை, துவாய், சவர்க்காரம், குசினி எல்லாம் பழகிவிட்டன. கணவரின் அம்மாவை மாமி என்று கூப்பிடுவதுதான் கடினமாக இருந்தது. எனக்கு மாமி என்றால் ஸ்ரீரங்கத்தில் எதிர்வீட்டு மாமிதான். ஆனால் உண்மையில் நான் தடுக்கி விழுந்தது பத்திரிகையில். நாவலில் கொலைகாரனை இன்ஸ்பெக்டர் கைது செய்து மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவார், நீதிமன்றக் காவலில் வைப்பார்கள் என்று படித்து வளர்ந்தவள் நான். இங்கே சந்தேகநபரைப் பொலிஸார் நீதவான் முன்னிலையில் முற்படுத்துகிறார்கள், அவர் விளக்கமறியலில் வைக்கப்படுகிறார். சடலத்தைப் பார்க்கத் திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார். அந்தப் பதவிப் பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு நாவலுக்குத் தலைப்பாகவே வைக்கலாம்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் மாமி. கோண்டாவில் வீட்டு விறாந்தையில், பிற்பகல் தேநீருக்குப் பிறகு, என் கொலைக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். அவருக்கு இது புதிய பழக்கம் இல்லை. அரச மருத்துவமனையில் முப்பது வருடம் மருந்து கட்டிக் கொடுத்தவர். நஞ்சு வைத்த கதை என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். "இந்த அளவு மாத்திரைக்கு இவன் இரண்டு நிமிடத்தில் சாகமாட்டான், பிள்ளை. ஆறு மணித்தியாலம் வாந்தி எடுப்பான்" என்று தள்ளிவைத்த நாவல்கள் ஒன்பது. அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர், அவருடைய நஞ்சுகளில் பிழை பிடிப்பது கடினம் என்று சொன்னேன். "அதுதானே" என்றார் மாமி, தன்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல.

கொலைக் கதைகள் முடிந்த பிறகும் உளவாளிக் கதைகள் ஏழெட்டு அப்படியே கிடந்தன. அவற்றை மாமி தொடவில்லை. எனக்கும் அவற்றின்மீது பெரிய மரியாதை கிடையாது. பாரிஸில் ஒரு பெண், ஜெனீவாவில் ஒரு வெடிகுண்டு, கடைசி அத்தியாயத்தில் தேசம் பிழைத்துக்கொள்ளும். 1989 இல் பெர்லின் சுவர் விழுந்ததும் பாதி நாவல்களுக்கு எதிரியே இல்லாமல் போய்விட்டது. ஜான் லெ காரே தப்பித்ததற்குக் காரணம், அவரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர்; அவருடைய ஒற்றர்கள் கோட்டு நனைந்து, சலித்துப்போய், மேலதிகாரியை நம்பாமல் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள். இப்படியெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது மாமி, "எனக்கு ஒரு உளவாளியைத் தெரியும்" என்றார்.

கோயில் வீதியில் ஆண்களை எல்லாம் படையினர் வரிசையாக இருத்தியிருந்தார்கள். மாமாவும் அதில் இருந்தார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியைக் கொண்டுவந்தார்கள்: தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சாக்கு அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் மறுபக்கம். மாமாவுக்கு அசையவில்லை. அடுத்தவருக்கு அசைந்தது. மதிலோரம் நின்ற பெண்கள் எல்லோரும் அந்தக் கண் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமி மட்டும் காலைப் பார்த்தார். வலது செருப்பின் வார் அறுந்து, செப்புக் கம்பியால் கட்டியிருந்தது.

"யார் என்று தெரிந்துவிட்டதா?"

"ஓம்."

"யார்?"

"அன்றைக்கே நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமாவுக்குக்கூட. அந்த ஆளின் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்." தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். எந்தப் படை என்று கேட்டேன். "1988" என்றார். அந்த ஆண்டு இங்கே இருந்தது எந்த நாட்டுப் படை என்று எனக்குத் தெரியும். அந்த ஏழெட்டு நாவல்களிலும் தேசத்தைக் காப்பாற்றுகிறவன் அந்த நாட்டுக்காரன்தான், என் நாட்டுக்காரன். அன்றிரவே அவற்றை என் பெட்டியில் வைத்து மூடினேன். மாமி அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒஸ்லோவில் இருக்கும் மச்சாள் ஈஸ்டர் விடுமுறையில் ஒரு படம் அனுப்பினாள்: பால் பெட்டியின் பக்கவாட்டில் சித்திரக்கதையாக ஒரு கொலை. நோர்வேக்காரர்கள் ஈஸ்டருக்கு மலைக்குடிலுக்குப் போய்க் கொலைக் கதை வாசிப்பார்களாம். 1923 இல் இரண்டு இளைஞர்கள் ரயில் கொள்ளை பற்றி எழுதிய நாவலுக்குப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்தித் தலைப்புப்போல விளம்பரம் போட்டார்கள். உண்மையாகவே கொள்ளை நடந்துவிட்டதென்று பலர் பதறிப்போனார்கள். பழக்கம் அங்கிருந்து வந்தது. மாமி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பாலில் கலந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

மாமியின் அலமாரியில் ஒரு புத்தகம் இருக்கிறது. அட்டை இல்லை, 96 ஆம் பக்கத்துக்குப் பிறகு எதுவும் இல்லை. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இரவோடிரவாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தபோது, மாமி அதைப் பாதி வாசித்தபடி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையில் பாதி ஓடு இல்லை. புத்தகத்தின் பின்பாதியைக் கறையான் தின்றிருந்தது. ஏற்காட்டில் ஒரு பங்களா, காப்பியில் நஞ்சு, ஐந்து பேர்மீது சந்தேகம். கொலையாளி யார் என்று தெரியாமலே முப்பது வருடம் போயிருக்கிறது என்று நான் பரிதாபப்பட்டேன்.

"தெரியாமல் என்ன? டொக்டர்தான்."

39 ஆம் பக்கத்தைத் திறந்து காட்டினார். அந்த வீட்டுக்கு முதன்முறையாக வருவதாகச் சொல்லும் டாக்டர், இருட்டில் மாடியேறிப்போய் விளக்கைப் போடுகிறார். அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. "சுவிட்ச் எங்கே என்று தேடவில்லை, பார்த்தாயா?" 1990 இலிருந்து மின்சாரம் இல்லாத ஊரில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வாசித்தவர். சுவிட்சைப் பற்றிய வரி எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

தம்பியின் புதுமனை புகுவிழாவுக்கு ஊருக்குப் போனபோது, எழுத்தாளர் பெயரை வைத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைகளில் மூன்று நாள் தேடினேன். மூன்றாம் நாள், வார இதழ்க் கட்டு ஒன்றுக்குள் கிடைத்தது. இருபது ரூபாய். கப்பலில் வரும்போது முடிவைப் படிக்கக் கை துறுதுறுத்தது; படிக்கவில்லை.

மாமி விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, 97 ஆம் பக்கத்திலிருந்து வாசித்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். புத்தகத்தை மூடினார்.

"பிழை."

"என்ன பிழை மாமி?"

"செத்தவனுக்கு இரட்டைச் சகோதரன் இருக்கிறானாம். கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்து நிற்கிறான். முதல் 96 பக்கத்தில் அவனைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதா? டொக்டரை என்ன செய்தார்? சும்மா விட்டுவிட்டார்."

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929 இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார், முன்கூட்டிக் கோடிகாட்டாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது அதில் ஒன்று என்றேன். மாமி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. "பாதிரியார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்று எழுந்துபோய், கறையான் தின்ற பிரதியை அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்தார். முழுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"இதை நீயே வைத்திரு, பிள்ளை."