சிரட்டைக் கரியும் நூறு அம்பியர் பற்றரியும்

ஓகஸ்ட் 7, கிளிநொச்சி

மடுமாதாவின் ஆவணித் திருநாளுக்கு நாளை வெளிக்கிடுகிறோம். இவருடைய தாய் வழி வேதக்காரர். மாமி வைத்த நேர்த்தி இன்னும் இவர் தலையில் இருக்கிறது. இந்த முறை காட்டுக்குள் தறப்பாள் கட்டிப் படுக்கிற வேலை இல்லை. பென்சன் காசில் வாங்கித் திருத்திய பழைய டொல்பின் வானுக்குள் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, சின்னக் குளிர்ப்பெட்டி எல்லாம் வந்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் 'வீட்டு வான்'.

சாமான் ஏற்றும்போதுதான் சண்டை தொடங்கியது. இவர் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், வேலை செய்த காலம் முழுக்க மினுக்காத சேட் போட்டதில்லை. பென்சன் எடுத்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"இஞ்சாருங்கோ, உந்த அயனை வீட்டில வையுங்கோ."

"அப்ப மாதாவுக்கு முன்னால கசங்கின வேட்டியோட நிக்கிறதோ?"

"ஆயிரம் வாற் அயன். பற்றரி தாங்காது."

"இன்வேற்றரில ஆயிரத்தைந்நூறு எண்டு போட்டிருக்கெல்லோ?"

பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேற்றரில் எழுதியிருப்பது குழாயின் அகலம் மட்டும். தாங்கியில் எவ்வளவு தண்ணீர் என்பது வேறு கணக்கு. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள், விடுவேனா? பழைய கொப்பி ஒன்றை எடுத்து எழுதிக் காட்டினேன்.

வானில் இருப்பது 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரி. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். ஆக, கையில் 50 அம்பியர்-மணி. கூரையில் 100 வாற் சோலார் தகடு. நல்ல வெயில் நாளில் அது தருவது ஏறக்குறைய 30. செலவுப் பக்கம் ஒரு நாளைக்குக் குளிர்ப்பெட்டிக்கு 20, காற்றாடிக்கு 8, வெளிச்சத்துக்கும் போனுக்கும் மூன்று நான்கு. வரவும் செலவும் சரிக்குச் சரி. குளிர்ப்பெட்டியில் இருப்பது ஐஸ்கிறீம் அல்ல, இவருடைய இன்சுலின். ஆவணி வெக்கையில் அதை வெளியில் வைக்க ஏலாது.

இனி அயன். ஆயிரத்தைப் பன்னிரண்டால் பிரித்தால் 83 அம்பியர். இன்வேற்றர் தின்கிறதையும் சேர்த்தால் 95க்குக் கிட்ட. விடாமல் ஓடினால் அரை மணித்தியாலத்தில் கையிருப்பு முடிந்துவிடும்.

இவர் கொப்பியைப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு அயனை ஏற்றினார்.

ஓகஸ்ட் 8, முறிகண்டி

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். கச்சான் வாங்கினோம். ஏ9 வீதியில் இந்த இடத்தில் நிற்காமல் போகிற வாகனத்தை நான் கண்டது குறைவு. மடுவுக்குப் போகிற வானும் விலக்கல்ல. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளைக்கு ஓட்டம்.

ஓகஸ்ட் 9, முள்ளியவளை

பெரியம்மா வீட்டு முற்றத்தில் வான் நிற்கிறது. வீட்டு மின்சாரத்தில் மருமகன் ஒரு வயர் இழுத்துத் தந்தான். "மாமி, என்ன இருந்தாலும் இதில மினுக்கி முடியுங்கோவன்." வானில் பயணம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மின்சாரம் இருக்கிற வீட்டில் நிற்கிற நாளில் எல்லாவற்றையும் மினுக்கி, மடிக்காமல் சுருட்டி வைத்துவிட வேண்டும். மடித்தால் விளிம்பில் கோடு விழும். சேட்டைத் தடித்த துவாய்க்கு மேல் பரப்பிச் சுருட்டினால் பெரிதாகக் கசங்காது.

ஆனால் திருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. வேட்டி அதற்குள் ஒருதரமாவது தோய்படும். இதைச் சொன்னதும் பெரியம்மா எழும்பி உள்ளே போனார். பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து, தணல் போட்டு மினுக்குகிற பழைய கரிப் பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். மூடியைப் பூட்டுகிற கொளுக்கியில் சின்னச் சேவல். நாலு கிலோவுக்குக் குறையாது.

"இதுக்குப் பற்றரி வேண்டாம், பிள்ளை. சிரட்டை போதும்."

பின்னேரம் முழுக்க எனக்குப் பாடம். விறகுக் கரி கூடாது, பொறி பறக்கும். சிரட்டைக் கரி அமைதியாக நின்று எரியும், சாம்பலும் குறைவு. சிரட்டையைக் கிடங்கில் போட்டுக் கொளுத்தி, புகை அடங்கியதும் தகரத்தால் மூடி மண் போட வேண்டும். காற்றுப் போகாவிட்டால் கரியாக நிற்கும், போனால் சாம்பல்தான். தணலைப் பெட்டிக்குள் போட்டபின் முன்னும் பின்னும் ஆட்டி உயிர் கொடுக்க வேண்டும். அடித்தட்டை முதலில் பழந்துணியிலும் பிறகு வாழையிலையிலும் இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

சூடு பார்க்கிற முறைதான் எனக்குப் பிடித்தது. விரலில் தண்ணீர் தொட்டுத் தட்டில் தெறிக்க வேண்டும். சீறி அந்த இடத்திலேயே வற்றினால் சரி. துளி முத்தாக உருண்டு ஓடினால் சூடு கூடிப்போச்சு, வேட்டி பொசுங்கும். துளிக்குக் கீழே நீராவிப் படலம் உண்டாகி அதைத் தாங்குவதுதான் காரணம். 200 பாகைக்குக் கிட்ட நடக்கிற வேலை. மின் அயனில் பருத்திக்குப் போட்டிருக்கிற மூன்று புள்ளியின் உச்ச எல்லையும் அந்தச் சூடுதான். இரண்டு புள்ளி 150, ஒரு புள்ளி 110. பெரியம்மா பாகை பார்த்ததில்லை. விரல் பார்த்தவர்.

பெட்டியையும் ஒரு பை கரியையும் வானில் ஏற்றியாயிற்று. இவர் வாய் திறக்கவில்லை. மின் அயனும் இறங்கவில்லை.

ஓகஸ்ட் 11, வவுனிக்குளம்

திரும்ப மாங்குளம் வந்து, மல்லாவி தாண்டிக் குளக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். பாலியாற்றை மறித்துக் கட்டிய குளம். சோளகக் காற்று பேயாக அடிக்கிறது. தோய்த்த வேட்டியைக் கொடியில் போட்டு இரண்டு முனையையும் நாலு கிளிப் போட்டு இழுத்துக் கட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிட்டது. சுருக்கும் பாதிக்கு மேல் போய்விட்டது.

மத்தியானம் இவருடைய பரீட்சை. "இப்ப உச்சி வெயில். சோலார் முழுக்க வருது. இப்ப மினுக்கினா பற்றரியில கை வைக்கத் தேவையில்லை" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 வாற் தகடு உச்சி வெயிலிலும் ஆறு அம்பியரைச் சுற்றித்தான் தரும். அயன் கேட்பது 95. மிச்சம் எங்கிருந்து வரும்?

சரி, செய்து பார்க்கட்டும் என்று விட்டேன். போட்டவுடன் இன்வேற்றரின் காற்றாடி அலறத் தொடங்கியது. 12.7 காட்டிய மீற்றர் 11.4க்கு இறங்கியது. பற்றரி வயரைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. வயர் தடிப்பாகவும் கட்டையாகவும் இருந்ததால் அவ்வளவோடு நின்றது. மெல்லிய நீள வயராக இருந்தால் வோல்ற்றில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போயிருக்கும். சிகரெட் லைற்றர் துளையில் செருகி மினுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பியூஸ் 10 அல்லது 15 அம்பியர். 180 வாற்றோடு அதன் கதை முடியும்.

ஒரு வேட்டி, ஒரு சேட். பன்னிரண்டு நிமிடம். அயன் சூடேற முதல் மூன்று நிமிடம் முழு ஓட்டம், பிறகு சூட்டைக் கட்டுப்படுத்துகிற தேமோஸ்ராற் விட்டுவிட்டு இழுக்கும். நான் போட்ட கணக்கில் போனது 12 அம்பியர்-மணி, குளிர்ப்பெட்டியின் அரை நாளுக்கும் மேல். அதில் ஐந்துக்குக் கிட்ட அயன் சூடேறுவதற்கே போனது. ஆகவே பற்றரியில் மினுக்கியே தீர வேண்டியவர்கள் ஒவ்வொன்றாக மினுக்கக் கூடாது. ஒரே தரத்தில், பொலியெஸ்ரரில் தொடங்கிப் பருத்தியில் முடித்து, நிறுத்திய பிறகு மிஞ்சுகிற சூட்டில் கைலேஞ்சிகளைப் பார்க்கலாம்.

இன்னொன்று. ஈர உடுப்பை மினுக்கி உலர்த்துகிற பழக்கம் பலருக்கு உண்டு. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2260 ஜூல் வேண்டும். வேட்டியில் 50 கிராம் ஈரம் இருந்தால் 31 வாற்-மணி அதற்கே போய்விடும், சுருக்கு எடுக்கிற வேலை தொடங்குவதற்கு முன்னமே. அதைச் சோளகம் சும்மா செய்துதருகிறது. ஈரம் முழுக்க வேண்டாம் என்றும் இல்லை. பருத்தி நாருக்குள் இருக்கிற பிணைப்புகளைத் தளர்த்துவது தண்ணீரும் சூடும் சேர்ந்துதான். ஆறும்போது புது வடிவத்தில் இறுகும். அதனால் கையால் தெளித்த அளவு ஈரம் போதும், மினுக்கிய கையோடு மடிக்கவும் கூடாது.

இரவு. மல்லாவிக்கு இவ்வளவு கிட்ட வந்து பழசு நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நாங்கள் இந்தப் பக்கம்தான் வந்தோம். மரத்தடிப் பள்ளிக்கூடம். வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைப்பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். சவர்க்காரம் விலை தாளாது. பனம்பழத்தில் தோய்த்தால் அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடியில் போட்டால் மாடு வந்து சப்பிவிடும். அதற்காகவே ஒரு பிள்ளையைக் காவலுக்கு விடுவோம். அப்படியிருந்தும் திங்கட்கிழமை காலையில் வந்த வெள்ளைச் சட்டைகளில் மடிப்பு இருந்தது. கரிப் பெட்டி இருந்த வீடுகள் கொஞ்சம். மிச்சப் பேர் பாய்க்குக் கீழே விரித்துவிட்டு அதன்மேல் படுத்தார்கள். சிலர் வெண்கலச் செம்பில் கொதிதண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். அது நூறு பாகையைத் தாண்டாது. ரெற்றோன் துணிக்குக் காணும், பருத்திக்குக் காணாது.

கையில் இருந்த துளி மின்சாரத்தில் யாரும் சூடு உண்டாக்கவில்லை. அது செய்திக்கும் வெளிச்சத்துக்கும். சூட்டுக்குச் சிரட்டை. இப்போது நான் வானுக்குள் போடுகிற சட்டமும் அதேதான்.

ஓகஸ்ட் 12

நட்டாங்கண்டல், பாலம்பிட்டி, காடு, கிரவல் புழுதி. இரண்டு பக்கமும் பாலை மரமும் வீரை மரமும். யானை இலத்தி கண்டோம், யானையைக் காணவில்லை. சுருட்டி வைத்த உடுப்பை உரப்பையில் கட்டி வைத்தது நல்லதாகப் போயிற்று. வேறு எழுத ஒன்றுமில்லை, முதுகு நோகிறது.

ஓகஸ்ட் 13, மடு

சனம் வந்து நிறைந்துவிட்டது. பக்கத்தில் நீர்கொழும்பிலிருந்து வந்த குடும்பம், அந்தப் பக்கம் மன்னார்க்காரர். தறப்பாள், லொறி, உழவு இயந்திரப் பெட்டி, எதற்குள்ளும் குடித்தனம்.

மர நிழலில் இடம் கிடைத்தது. நிழல் என்றால் தகடு சோம்பிவிடும். கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே வரவு பாதிக்குக் கீழே போகிறது. வெயிலில் நிறுத்தினால் வானுக்குள் இருக்க ஏலாது, குளிர்ப்பெட்டியும் ஓய்வில்லாமல் ஓடும். நிழலையே எடுத்தோம். காற்றாடியைக் குறைத்தோம். அயன் என்ற பேச்சே இல்லை, இவரும் எடுக்கவில்லை.

மகன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். "லித்தியம் போடுங்கோ அம்மா, எண்பது தொண்ணூறு வரைக்கும் இறக்கலாம், பெரிய இழுவையும் தாங்கும்." உண்மைதான். ஆனால் இறக்கியதைத் திரும்ப நிரப்ப வேண்டியது அதே தகடு, அதே மர நிழலில். விலையையும் அவன் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 14, மடு

வேஸ்பருக்கு, அதுதான் மாலை ஆராதனைக்கு, வேட்டி வேண்டும். சோளகம் எழும்புவதற்கு முன், விடியற்புறம் வேலையைத் தொடங்கினேன். சருகைக் கூட்டி நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, ஒரு வாளி மண்ணும் பக்கத்தில் வைத்தேன். காய்ந்த காடு, ஒரு பொறி போதும். கரிப் பெட்டியை வானுக்குள் எடுக்கவே கூடாது. தணல் விடுகிற காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது, மூடிய வானில் ஆளைக் கொல்லும்.

சாப்பாட்டுப் பலகைக்கு மேல் போர்வை, அதற்கு மேல் பழைய சீலை. பெட்டியைச் சரிக்காமல் ஓட்டினால் சாம்பல் கொட்டாது. ஆனாலும் வெள்ளை வேட்டிக்கு மேல் ஒரு மெல்லிய துணி போட்டேன். பாரம்தான் இதன் பலம். கை அழுத்தத் தேவையில்லை, பெட்டியே அழுத்துகிறது. வேட்டி தாள் மாதிரி வந்தது. மின் அயனைவிட நல்லாய் என்று சொல்வேன், கை நோவைக் கணக்கில் எடுக்காவிட்டால்.

மன்னார்க்காரர் ஜெனரேற்றரில் அயன் போட்டார்கள். சின்ன மெசின், ஒவ்வொரு முறையும் தேமோஸ்ராற் பிடிக்கும்போது முக்கியது. வெளிச்சம் மங்கியது, பக்கத்துப் பிள்ளை அழுதது. கொஞ்சம் கழித்து அந்த வீட்டுப் பெட்டை மகளின் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றாள்.

"அன்ரி, தணல் இருக்கேக்குள்ள இதையும் ஒருக்கா இழுத்துத் தருவீங்களோ?"

அவளுக்குப் பிறகு நீர்கொழும்பு அம்மா, அவருக்குப் பிறகு யாரோ ஒரு தம்பி களுசானோடு. கரி முடிகிறவரை நடந்தது. இவர் கதிரை போட்டிருந்து வரிசையை ஒழுங்குபடுத்தினார், கச்சேரியில் இருந்த மாதிரியே. யாருக்கும் நம்பர் துண்டு கொடுக்காததுதான் குறை.

ஓகஸ்ட் 15, மடு

பூசை முடிந்து திருச்சொரூபம் வெளியே வந்தபோது நெரிசல். என் சீலை போன போக்கைச் சொல்லத் தேவையில்லை. இவர் வேட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தோடு ஒதுங்கி நின்று கும்பிட்டார்.

குளிர்ப்பெட்டி ஒழுங்காக ஓடுகிறது. பற்றரி காலையில் 12.4. இனி முள்ளியவளைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"பெரியம்மா இதை விலைக்குத் தருவாவோ?" என்று இப்போதுதான் கேட்கிறார்.

"நீங்களே கேளுங்கோ. நான் கேக்கமாட்டன்."

"முதல்ல இந்த ஆயிரம் வாற்றை அவவுக்குக் குடுத்துப் பாப்பம்."