தைராய்டு மாத்திரையும் ஒரு மஞ்சப்பை நிறைய இயற்கை மருந்தும்

எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று தெரிந்த வாரத்திலேயே வைத்தியம் வீடு தேடி வர ஆரம்பித்துவிட்டது. மன்னார்குடியில் இருக்கும் நாத்தனார் அமுக்கராச் சூரணம் வாங்கி வந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற தம்பி கடற்பாசி மாத்திரை ஒரு டப்பா கொடுத்தனுப்பினான். அத்தை நாட்டு மருந்துக் கடையில் மந்தாரைப் பட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "இங்கிலீஷ் மாத்திரைய ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதும்மா, மொதல்ல இந்தக் கஷாயத்தக் குடிச்சுப் பாரேன்" என்றார்.

யாரும் என்மேல் அக்கறையில்லாமல் சொல்லவில்லை. எனக்கும் ஆயுசு முழுக்க மாத்திரை என்ற பேச்சு கசக்கத்தான் செய்தது. அதனால் எதையும் தள்ளவுமில்லை, எதையும் வாயில் போடவுமில்லை. எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படித்துப் பார்த்துப் பேசினார். அந்தப் பேச்சும் அதற்கப்புறம் நடந்ததும் இன்னொருவருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சம்பா அறுவடை சமயத்தில்தான் உடம்பு காட்டிக்கொடுத்தது. களத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய்த் திரும்புவதற்குள் கால் கடுக்கும். மத்தியான வெயிலிலும் குளிரும். காலையில் முகம் உப்பியிருக்கும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. முதலில் போன கிளினிக்கில் ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தசோகை இருந்தது உண்மைதான். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் அசதி போகவில்லை. பிறகு வேறு டாக்டரிடம் போனபோதுதான் தைராய்டு பார்க்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறுகிற டிஎஸ்எச் 18.4 வந்தது. பெரியவர்களுக்குச் சுமார் 0.4-லிருந்து 4 வரை இருக்கலாம். சுரப்பி சுரக்கிற தைராக்ஸின் ஹார்மோன், அதாவது டி4, குறைவு. தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் டிபிஓ எதிர்ப்புப் புரதம் மிக அதிகம்.

அந்த மூன்றாவது எண்தான் பைக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் பதில். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியை அரிக்கிற நோய் அது. 1912-இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். "உங்களுக்கு இது ஏதோ ஒரு சத்து குறைஞ்சு வந்ததில்லம்மா. சுரப்பியே அடி வாங்கியிருக்கு. அதனால எந்த டப்பாவ எடுத்தாலும், இது எதை நிரப்பப் போகுதுன்னு ஒரு கேள்வி கேளுங்க" என்றார் என் டாக்டர். அந்தக் கேள்வியைத்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கடற்பாசி. அதில் இருப்பது அயோடின். நாங்கள் வேதாரண்யத்துக்குப் பக்கம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம் என்ற பெருமை எங்கள் பக்கத்துக்கு உண்டு. உப்பளத்துக் கல்லுப்புதான் எங்கள் வீட்டில் குழம்புக்கும் ஊறுகாய்க்கும். கடல் உப்பென்றால் அயோடின் தானாகவே இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். காயவைத்து எடுத்த சாதா உப்பில் அது மிகச் சொற்பமாம். ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். அயோடின் கலந்த உப்பு நம் கைக்கு வரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அப்போது வீட்டு உப்பை மாற்றினாலே போதும். கடற்பாசி மாத்திரையில் அயோடின் தேவைக்குப் பல மடங்கு இருக்கக்கூடும். அதிகமானால் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளக்கூடும், ஏற்கெனவே அடிபட்ட சுரப்பியை அது இன்னும் படுத்தும். டப்பா ஓரமாகப் போனது. இப்போது சமையலுக்குப் பாக்கெட் உப்பு, ஊறுகாய்க்கு மட்டும் கல்லுப்பு.

அமுக்கராவைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இலேசான குறைபாடு உள்ளவர்களுக்கு டிஎஸ்எச் இறங்கியதாகச் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார். அதனால்தான் கவனமாக இருக்கச் சொன்னார். சிலருக்குத் தைராய்டு அளவு மிஞ்சிப் போயிருக்கிறது, சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. மாத்திரையும் சூரணமும் சேர்ந்தால் எது எவ்வளவு ஏற்றியது என்று தெரியாது, அளவு வைக்க முடியாது. மந்தாரைப் பட்டை தைராய்டுச் சுரப்பை மீட்டுத் தரும் என்பதற்கு நல்ல சான்று எதுவும் இல்லை என்றார். அத்தை மனசு கேட்கவில்லை என்று அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்கும் அவரையே அழைத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டரும் முதலில் ரத்த ரிப்போர்ட்டைத்தான் கேட்டார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அத்தையிடமே சொன்னார். அத்தோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது.

'தைராய்டு சப்போர்ட்' என்று ஆன்லைனில் விற்கும் கலவை மாத்திரைகளைப் பற்றி எனக்கு நிஜமாகவே கவலை உண்டு. 2013-இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட பத்து மாத்திரைகளைச் சோதித்ததில் ஒன்பதில் தைராய்டு ஹார்மோனே இருந்தது. மூலிகை என்று நினைத்து அளவு தெரியாத ஹார்மோனை விழுங்குவதற்கு, அளவு தெரிந்த மாத்திரை எவ்வளவோ மேல்.

சரி, மாத்திரை ஆரம்பித்தேன். அடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் 13-க்குத்தான் இறங்கியிருந்தது. அளவைக் கூட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "காலையில எழுந்ததிலிருந்து வாயில என்னென்ன போடுறீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஐந்து மணிக்கு எழுந்து பல் தேய்த்ததும் தைராய்டு மாத்திரை. கூடவே இரும்புச்சத்து மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில் போடச் சொன்னதுதான். அப்புறம் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தால் டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும், கறந்த பாலில் ஒரு டம்ளர் காபி. இடையில் கால் மணி நேரம் இருந்தால் அதிகம்.

இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்ஸினோடு வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு அதை ரத்தத்தில் சேரவிடாதாம். நாலு மணி நேர இடைவெளி வேண்டும். காபியும் உறிஞ்சலைக் குறைக்கும். இரும்புச்சத்து எழுதிக் கொடுத்த இடத்திலும் சொல்லவில்லை, மாத்திரை வாங்கிய கடையிலும் சொல்லவில்லை. அத்தனை நாளும் மாத்திரையில் பாதி வீணாய்ப் போயிருக்கிறதே என்று ஆற்றாமையாக இருந்தது.

அளவைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் மாற்றினோம். எழுந்ததும் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீர். வாசல் வேலை, மாட்டுக்கொட்டகை வேலை எல்லாம் முடித்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. காபி நேரம் தள்ளிப்போனதுதான் கஷ்டமாக இருந்தது. தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. இரும்புச்சத்து மத்தியானத்துக்கு நகர்ந்தது. தைராக்ஸின் உடம்பில் பாதி கரையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அதனால் மாற்றம் செய்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்தபோது 3.6. அசதி எண்ணைவிட மெதுவாகத்தான் போனது, ஆனால் போனது.

செலினியம் என்ற தாதுச்சத்து பற்றியும் கேட்டேன். சுரப்பிக்கு அது தேவைதான். கடல் மீனிலும் முட்டையிலும் கிடைக்கிறது, இரண்டும் எங்கள் வீட்டில் உண்டு. பிரேசில் நட்ஸ் ஒரு கொட்டையிலேயே ஒரு நாள் தேவைக்கு மேல் இருக்கலாம், கைப்பிடி கைப்பிடியாகத் தின்றால் விஷமாகும் என்றார். வாங்கவில்லை. வைட்டமின் டி பார்த்தோம், குறைவாக இருந்தது, அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். தைராய்டுக்கு ஆகாது என்று பலர் சொல்லும் முட்டைக்கோஸை வேகவைத்து அளவாகச் சாப்பிடுகிறேன். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்திவிடுங்கள். அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும்.

இப்போது நாத்தனார் மகள் முழுகாமல் இருக்கிறாள். அவளுக்கும் போன வருஷத்திலிருந்து தைராய்டு மாத்திரை. "வயித்துல புள்ள இருக்கும்போது எதுக்கு மாத்திரை, நிறுத்திடலாமா" என்று நாத்தனார் போனில் கேட்டார். நிறுத்தவே கூடாது, கர்ப்பத்தில் அளவு கூட்டத்தான் வேண்டியிருக்கும், இந்த வாரமே டாக்டரைப் பார்த்து டிஎஸ்எச் எடுங்கள் என்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தும் கால்சியமும் கட்டாயம் கொடுப்பார்கள், அதையும் விடக் கூடாது. அதனால் தைராய்டு மாத்திரை காலை ஐந்தரைக்கு, கால்சியம் காலைச் சாப்பாடு கழித்துப் பத்தரைக்கு, இரும்பு ராத்திரிக்கு என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பி, அதை டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளவும் சொன்னேன்.